எம்2-வில் மூன்றாவது பெடல் வேண்டுமா?

சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது. பிஎம்டபிள்யூ எம்2 வாங்கப் போகிறார். இப்போது வைத்திருக்கும் ஆட்டோமேட்டிக் ஹேட்ச்பேக்கை விற்றுவிட்டு, இனி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கார்தான். தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு அலுவலகம், ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆர், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏற்காடு, வருடத்தில் இரண்டு மூன்று நாள் இருங்காட்டுக்கோட்டை ட்ராக். "கிளட்ச் என்ற மூன்றாவது பெடலோடு ஆறு கியர் மேனுவலா, அது இல்லாத எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கா? மேனுவல் எடுக்கவில்லை என்றால் அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்று நண்பர்கள் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டில் ஆட்டோமேட்டிக்தான் என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள் அண்ணா."

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஹேட்ச்பேக்கை விற்பதாக இருந்தால் ஆட்டோமேட்டிக் எடுங்கள். விற்காமல் வைத்துக்கொள்வதாக இருந்தால் மேனுவல் எடுங்கள். ஒரு கோடி போடுகிற இடத்தில் அந்த வண்டிக்குக் கிடைக்கும் ஐந்தாறு லட்சம் உங்களுக்குப் பெரிய தொகையாக இருக்காது. ஆனால் அது வீட்டு வாசலில் நிற்கிறதா இல்லையா என்பதுதான் கியர்பாக்ஸையே முடிவு செய்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வேகக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அதில் விவாதிக்க ஒன்றுமே இல்லை. 480 குதிரைத்திறன் கொண்ட இப்போதைய எம்2 நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆட்டோமேட்டிக்கில் 4.0 விநாடி, மேனுவலில் 4.2 விநாடி. இது பிஎம்டபிள்யூவே தருகிற கணக்கு. போர்ஷே 911 ஜிடி3-யின் 992 தலைமுறையில் இடைவெளி இன்னும் பெரிது: பிடிகே என்கிற டூயல் கிளட்ச் பெட்டியில் 3.4, மேனுவலில் 3.9. அதுவும் நன்றாகப் பழகியவர் ஓட்டினால்தான். நீங்களும் நானும் ஓட்டினால் இன்னும் அரை விநாடி போகும். மேனுவலில் கிளட்சை மிதித்து, கியர் மாற்றி, விடுகிற அந்தக் கணம் முழுக்க எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை; வண்டி சும்மா உருள்கிறது. நல்ல ஆட்டோமேட்டிக் அந்த இடைவெளியைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிடுகிறது. போதாததற்கு எம்2-வின் ஆட்டோமேட்டிக்கில் டார்க், அதாவது முறுக்குவிசை, 600 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 550. ஒரே எஞ்சின்தான், மேனுவல் பெட்டிக்காக அடக்கி விட்டிருக்கிறார்கள்.

எனவே "மேனுவல்தான் வேகம்" என்று உங்கள் நண்பர்கள் யாராவது சொன்னால் அவர்கள் இருபது வருஷம் பின்தங்கியிருக்கிறார்கள். ரேஸ் உலகத்தில் அந்த வழக்கு இன்னும் முன்னாலேயே முடிந்துபோனது. 1989-இல் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா ஒன் கார் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்துக் கியர் மாற்றும் இரண்டு துடுப்புகளோடு பிரேசிலில் இறங்கியது. சோதனை ஓட்டங்களில் அந்தக் கியர்பாக்ஸ் படுத்திய பாட்டில் அது பந்தயத்தை முடிக்கும் என்றே யாரும் நினைக்கவில்லை. நைஜல் மான்செல் அதில் ஜெயித்தார். சில ஆண்டுகளில் ஃபார்முலா ஒன்னில் கியர் ராடே காணாமல் போய்விட்டது. 1997-இல் எஃப்355 மூலம் ஃபெராரி அதைச் சாலைக்கும் கொண்டுவந்தது.

ஆனால் போர்ஷேவுக்கு நடந்ததையும் கேளுங்கள். 2013-இல் வந்த 911 ஜிடி3-யில் மேனுவலே கிடையாது என்றார்கள். ட்ராக்கில் பிடிகேதான் வேகம், ஜிடி3 ட்ராக்குக்கான கார், அப்புறம் எதற்கு மேனுவல்? கணக்கில் தப்பே இல்லை. 2016-இல் அதே குடும்பத்தில் 911 ஆர் என்று ஒன்று விட்டார்கள். ஆறு கியர் மேனுவல் மட்டும், மொத்தம் 991 கார்கள். வந்த வேகத்தில் தீர்ந்துபோய், வெளிச்சந்தையில் விலை பல மடங்கு ஏறியது. அடுத்த வருடமே ஜிடி3-யில் மேனுவல் திரும்பி வந்துவிட்டது, கூடுதல் காசு கூட வாங்கவில்லை. விநாடிக் கணக்கில் தோற்றது என்று தெரிந்தே, இத்தனை பேர் அதைத்தான் கேட்டார்கள். உங்கள் நண்பர்கள் சொல்வதில் இருக்கிற உண்மை இதுதான், அவர்களுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவே.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்றதும் பலருக்கு ஏஎம்டி ஞாபகம் வருகிறது: மேம்பாலம் ஏறும்போது ஒரு தலையாட்டல், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது இன்னொரு தலையாட்டல். அது சாதாரண மேனுவல் பெட்டிதான், கிளட்சை மனிதக் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. பிஎம்டபிள்யூவும் இந்த வழியில் நடந்திருக்கிறது. எஸ்எம்ஜி என்ற பெயரில் பழைய எம்3-யிலும் வி10 எஞ்சின் எம்5-யிலும் வந்தது அதுதான், ரொம்ப வேகமான ஏஎம்டி. பிறகு டூயல் கிளட்ச் வந்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. நீங்கள் மூன்றாவதில் போகும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். முதல் தலைமுறை எம்2-வில் இதுதான் இருந்தது.

இப்போதைய எம்2-வில் டூயல் கிளட்ச் இல்லை. எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த எட்டு கியர் பெட்டி, ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்து 8எச்பி வகை. "டார்க் கன்வெர்ட்டரா, அது அப்பா காலத்து அம்பாசடர் மாதிரி இழுக்குமே" என்று முகம் சுளிக்க வேண்டாம். நான்கு கிரக கியர் தொகுதிகள், அவற்றைப் பிடித்துவிட ஐந்து பிடிகள். எந்தக் கியரிலும் ஐந்தில் இரண்டு மட்டுமே திறந்திருக்கும், அதனால் உள்ளே வீணாகும் சக்தி குறைவு. நகர்ந்த கொஞ்ச நேரத்திலேயே கன்வெர்ட்டர் பூட்டிக்கொண்டுவிடும், அப்புறம் எண்ணெய் வழியாக வழுக்குவது என்ற பேச்சே இல்லை. வழுக்க வேண்டிய இடத்தில், அதாவது சோழிங்கநல்லூர் சிக்னலில் ஊர்ந்து போகும்போது, எண்ணெய் வழுக்குவதுதான் நமக்கு நல்லது. கிளட்ச் தகடு தேயாது. ஊர்வதில் டூயல் கிளட்சை விட இது எவ்வளவோ மேல். எனக்குத் தெரிந்து இன்று விற்கும் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் குறை சொல்ல ரொம்ப யோசிக்க வேண்டிய பெட்டி இது.

சரி, இதையெல்லாம் விடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மேனுவலில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்பதை முடிவு செய்வது கியர்பாக்ஸ் இல்லை, எஞ்சின்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஒரு டன்னைச் சுற்றி, இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ இல்லை. கீழ் ஆர்பிஎம்மில் அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. மேலே ஏற்றி அங்கேயே வைத்திருந்தால்தான் வண்டி பறக்கும். அதற்கு நீங்கள் ஓயாமல் கியர் போட வேண்டும், ஒவ்வொரு கியருக்கும் பலன் கையில் தெரியும். அந்தக் காரில் மேனுவல் எடுக்காதவரை நான் புரிந்துகொள்ள மாட்டேன். எம்2 அப்படி இல்லை. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. 2,700 ஆர்பிஎம் பக்கத்திலேயே முழு டார்க்கும் வந்து நின்றுவிடும். மூன்றாவது கியரில் போட்டுவிட்டு ஏற்காட்டில் பாதி மலையை அப்படியே ஏறலாம், எஞ்சின் முனகக்கூட முனகாது. இரண்டாவது கியரிலேயே 100-ஐத் தாண்டிவிடும். அதாவது பொதுச் சாலையில், சட்டத்துக்கும் உயிருக்கும் பயந்து ஓட்டுகிற நமக்கு, ஆறு கியரில் உண்மையாக வேலை செய்வது இரண்டும் மூன்றும்தான். கியர் மாற்றுவதில்தான் ஸ்போர்ட்ஸ் காரின் ஜீவன் இருக்கிறது என்பவர்கள், எம்2-வில் அந்தத் தேவையே குறைவு என்பதை யோசிப்பதில்லை. சின்ன எஞ்சினில் மேனுவல் அவசியம். இவ்வளவு பெரிய எஞ்சினில் அது ஆசை.

ஆசை என்பதைக் குறைவாகச் சொல்லவில்லை, தம்பி. ஏற்காட்டிலிருந்து காலை ஆறு மணிக்கு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். 12/20 என்று மஞ்சள் பலகை தெரிகிறது, கொண்டை ஊசி வளைவு, மூன்றாவதில் வருகிறீர்கள். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் அழுந்துகிறது. இடது கால் கிளட்சை அமுக்குகிறது, இடது கை ராடை இரண்டாவதுக்குக் கொண்டுவருகிறது. பிரேக்கை விடாமலே வலது பாதத்தின் விளிம்பை உருட்டி ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறீர்கள். எஞ்சின் ஒரு குரல் கொடுத்து மேலே வருகிறது, கிளட்சை விடுகிறீர்கள், கார் ஒரு சின்ன அசைவுகூட இல்லாமல் இரண்டாவதில் போய் உட்கார்கிறது. உட்காராவிட்டால் பின்சக்கரம் ஒரு உதறு உதறிக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து வளைவில் ஏழில் சொதப்புவீர்கள். மூன்றில் சரியாக வந்துவிட்டால், ஏற்காட்டு அடிவாரத்தில் டீ குடிக்கும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். எந்தத் துடுப்பை இழுத்தாலும் இந்தச் சிரிப்பு வராது. துடுப்பில் சொதப்பவே முடியாது என்பதுதான் காரணம்.

(எம்2 மேனுவலில் இந்தத் தட்டலைக் காரே செய்துகொடுக்கும் வசதி உண்டு. முதல் மாதம் அது இருக்கட்டும். பிறகு செட்டப் மெனுவில் அணைத்துவிடுங்கள். அணைக்கப் போவதே இல்லை என்றால் மேனுவலுக்கு என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். 2023-இல் இங்கே விற்பனைக்கு வந்தபோதே அதற்கு ஒரு லட்சம் அதிகம் கேட்டார்கள். மூன்றாவது பெடலுக்கு அதிக விலை! முப்பது வருஷத்துக்கு முன் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.)

இப்போது அதே இடது காலை ஓஎம்ஆருக்குக் கொண்டுவாருங்கள். மாலை ஆறே முக்கால். முன்னால் மாநகரப் பேருந்து, பக்கத்தில் கண்ணாடியை உரசிக்கொண்டு இரண்டு ஸ்கூட்டர், மூன்றடி நகர்ந்தால் நாலாவது அடியில் ஆட்டோ மூக்கை நுழைக்கிறது. ஒவ்வொரு மூன்றடிக்கும் கிளட்ச். 550 நியூட்டன் மீட்டரைத் தாங்க வேண்டிய கிளட்ச் ஹேட்ச்பேக் கிளட்ச் மாதிரி பஞ்சாக இருக்காது. முக்கால் மணி நேரம் கழித்து முட்டிக்கு மேலே தொடைத் தசை லேசாக நடுங்க ஆரம்பிக்கும். நடுங்க ஆரம்பித்ததும் நாம் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வோம்: காலை முழுதாக எடுக்காமல் பெடல் மேலேயே வைத்துக்கொள்வோம், சரிவில் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில் நிற்போம். நான் செய்தேன். டர்போ எஞ்சின் வைத்த பழைய மேனுவல் செடான் ஒன்றில் மூன்று வருஷம் இப்படியே ஓட்டி, முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டரில் கிளட்சைத் தீர்த்துக்கட்டினேன். கார் மேல் ஒரு தப்பும் இல்லை. கழற்றிய தகட்டை மெக்கானிக் கையில் கொடுத்து, "சார், இது உங்க கால் வேலை" என்றார். தகடு கருகிய வாடை இரண்டு நாள் கையில் இருந்தது. எம்2-வில் கிளட்சும் ஃப்ளைவீலும் மாற்றும் செலவு அந்தச் செடானோடு ஒப்பிடவே முடியாதது.

பணத்தை விடுங்கள், எனக்குப் பெரிய வருத்தம் வேறு. தினமும் ஒன்றரை மணி நேரம் ஒரு காரோடு சண்டை போட்டால், ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுக்கவே மனசு வராது. அந்தச் செடானை நான் கடைசி ஒரு வருஷம் ஈசிஆருக்கு எடுத்துப் போகவே இல்லை. அதனால்தான் ஹேட்ச்பேக்கை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். சிறுசேரிக்கு அது போகட்டும், அதில் கீறல் விழுந்தாலும் நெஞ்சு வலிக்காது. ஒரே கார்தான் என்று வீட்டில் பார்க்கிங் காரணமாகவோ வேறு காரணமாகவோ முடிவாகிவிட்டால், வெட்கமே வேண்டாம், ஆட்டோமேட்டிக். அதில் துடுப்பைப் பிடித்து மேனுவல் மோடில் போட்டால், ஆர்பிஎம் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலும் கார் தானாக மேல் கியருக்குப் போகாது. முடிவு உங்கள் கையில்தான் இருக்கும். கியர் மாறும் வேகத்தை மூன்று நிலைகளில் மாற்றிக்கொள்ளலாம், ஊருக்குள் ஒன்றில் வையுங்கள், மூன்றில் வைத்தால் ஒவ்வொரு மாற்றமும் முதுகில் குத்தும்.

இருங்காட்டுக்கோட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. வருஷத்தில் மூன்று நாள்தான் போகிறீர்கள், அப்படியானால் அங்கே முதல் வேலை ட்ராக்கில் கார் போக வேண்டிய பாதையைப் படிப்பது: எங்கே பிரேக், எங்கே திருப்பம், எங்கே ஆக்சிலரேட்டர். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தால் சீக்கிரம் படிக்கலாம், ஆட்டோமேட்டிக் அதற்கு உதவும். மேனுவலில் அங்கே உண்மையான ஓர் ஆபத்தும் இருக்கிறது. நம் காரில் ஸ்டீயரிங் வலப்பக்கம், ராடு இடது கையில். ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு வர ராடைப் பின்னால் இழுத்துக் கொஞ்சம் உடலை விட்டுத் தள்ள வேண்டும். பதற்றத்தில் அந்தக் "கொஞ்சம்" அதிகமானால் விழுவது இரண்டாவது கியரில். 160-இல் போகும்போது இரண்டாவது விழுந்து கிளட்சை விட்டால், 7,200 ஆர்பிஎம்முக்கு மேல் போகக்கூடாத எஞ்சினைச் சக்கரங்கள் பத்தாயிரத்துக்கும் மேலே இழுத்துப் போகும். எஞ்சின் வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரம் சுற்றிவிடுவதை அதனால் நிறுத்த முடியாது. வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டால் எஞ்சினே போச்சு. எத்தனை ஆர்பிஎம் போனது என்பதைக் காரின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும், வாரண்டி என்று போய் நிற்கவும் முடியாது. ஆட்டோமேட்டிக் இப்படிப்பட்ட கட்டளையை ஏற்கவே ஏற்காது. பயமுறுத்தவில்லை, ராடை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளப் பழகினால் அதன் ஸ்பிரிங்கே நடு வரிசைக்குக் கொண்டுவந்துவிடும். ட்ராக்குக்குப் போவதற்கு முன் அதைப் பழகிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பத்து வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து அதிசயமான எஸ்எம்ஜியைக் கழற்றிவிட்டு மேனுவல் பெட்டி பொருத்துகிறவர்கள் வெளிநாடுகளில் நிறையப் பேர். அதே எம்3-யில் முதலிலிருந்தே மேனுவலாக வந்தவற்றுக்கு விலையும் அதிகம். மேனுவல் பழசாகாது, ஏனென்றால் அது என்றைக்கும் புதுசாக இருந்ததில்லை. இசட்எஃப் பெட்டிக்கு எஸ்எம்ஜி மாதிரி கதி வரும் என்று நான் நினைக்கவில்லை, அது ரொம்ப உறுதியான சாமான். ஒன்று மட்டும்: அதன் எண்ணெய் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, எண்பதாயிரம் கிலோமீட்டர் பக்கத்தில் மாற்றிவிடுங்கள். செய்தவர்களே, அதாவது இசட்எஃப்பே, 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

புக் பண்ணுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு ஆட்டோமேட்டிக்கைத்தான் நீட்டுவார்கள். மேனுவல் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள், வர நாளானாலும் காத்திருங்கள். வந்ததும் காலை பத்து மணிக்குக் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு மயங்காதீர்கள். மாலை ஆறரைக்கு மேல் கேட்டு வாங்குங்கள். உட்கார்ந்ததும் முதலில் இடது காலைப் பாருங்கள். கிளட்சை மிதிக்காதபோது அது எங்கே ஓய்வெடுக்கிறது, முட்டி ஸ்டீயரிங் அடியில் இடிக்கிறதா, நீங்கள் அலுவலகத்துக்குப் போடுகிற அதே ஷூவில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே பாதத்துக்கு எட்டுகின்றனவா. எட்டவில்லை என்றால் நான் மேலே சொன்ன ஏற்காட்டுக் கதையெல்லாம் உங்களுக்கு நடக்காது, ஆட்டோமேட்டிக்குக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.